இரண்டாவது உறை

தான் பிடித்துக் கொடுத்த ஆளின் மனைவி தன்னிடமே உதவி கேட்டு வந்து நிற்பாள் என்று ஊசி கனவிலும் நினைத்ததில்லை.

காலை ஒன்பதரை மணி. அலுவலகப் பூட்டில் சாவியை நுழைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி. அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிற வேலை போலும். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

"நான் லிப்ட் மெக்கானிக்கோட சம்சாரம்" என்றாள் அவள். "நீங்கதானே அவரைப் பிடிச்சுக் குடுத்தீங்க? நீங்களே வெளியில எடுத்து விடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஊசிக்குச் சமாளிக்கத் தெரியும். ரேஷன் கடையில் முறை கேட்பவளைப் போல அமைதியாகச் சொன்னாள். அதுதான் சங்கடமாக இருந்தது.

ஊசி என்பது பட்டப்பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தபோது, எவ்வளவு இறுக்கித் தைத்த பொய்யிலும் ஓட்டை போட்டுவிடுகிறாள் என்று யாரோ வைத்தது. சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் அது கூடவே வந்துவிட்டது. கூட வந்த இன்னொன்று அவளுடைய உதவியாளன் ஒட்டடை. ஆறடி இரண்டு அங்குல உயரம், அதற்குச் சம்பந்தமே இல்லாத அகலம். முன்னாள் பஸ் கண்டக்டர், இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பன். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

அந்த ஒட்டடை இப்போது வாசலில் தலைகுனிந்து நுழைந்தவன், வந்திருப்பவள் யாரென்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வழக்கு இதுதான். அறுபத்துநான்கு நாட்களுக்கு முன், ஒரு புதன்கிழமை, ஆறாவது மாடி வீட்டில் தனியாக இருந்த கணக்கு டீச்சர் மண்டையில் அடிபட்டு இறந்து கிடந்தார். கொன்றவன் பால்கனியின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்து, பக்கத்திலிருந்த அவசரப் படிக்கட்டு வழியாக ஓடியிருந்தான். கண்ணாடியில் ஒரே ஒரு விரல் ரேகை. டீச்சரின் மகள் ஊசியைத் தேடி வந்தாள்.

ஊசி மூன்றே நாளில் ஆளைச் சுட்டிக்காட்டினாள். அன்று லிப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக், மொட்டைமாடி மெஷின் ரூமில் இருந்ததாகச் சொன்னான். மெஷின் ரூம் சாவியோ நாள் முழுக்கக் காவலாளியின் இடுப்பில் தொங்கியது. அது ஒரு பொய். அவனுடைய வலது ஆள்காட்டி விரலில் கட்டு. எப்போது பட்ட காயம் என்றதற்கு, "நேத்து வேலையில" என்றான். கம்பெனிப் பதிவேட்டில் முந்தைய நாள் அவன் விடுப்பு. இது இரண்டாவது பொய். தப்பி ஓடும்போது கம்பித் தடுப்பில் கிழித்துக்கொண்ட விரல் என்று ஊசி அறிக்கை எழுதினாள். போலீஸ் அவன் ரேகையை எடுத்தது. ரேகை ஆய்வுக் கூடம் பொருந்துகிறது என்றது. பத்திரிகையில் ஊசியின் படம்கூட வந்தது.

"அது ஞாயித்துக்கிழமை பட்ட காயம்மா" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. அட்டையில் ஒட்டிய ஒரு சீட்டை மேசைமேல் வைத்தாள். நாலாகக் கிழிந்த காகிதத்தை விளிம்பு பிசகாமல் பசை போட்டுச் சேர்த்திருந்தாள். ஏதோ ஒரு சின்ன கிளினிக்கின் சீட்டு. கைவிரலில் வெட்டுக்காயம், இரண்டு தையல். தேதி, கொலைக்கு மூன்று நாள் முந்தையது.

"அப்ப ஏன் பொய் சொன்னார்?"

"ஞாயித்துக்கிழமை வேற ஒரு கட்டடத்துக்குத் தனியா வேலைக்குப் போனாரு. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். அங்க கம்பிக்கயிறு அறுத்துடுச்சு. புதன்கிழமை ஸ்பேனரைப் பிடிக்கவே முடியலைன்னு தண்ணித் தொட்டி பின்னாடி போய்ப் படுத்திருக்காரு. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு..." அவள் நிறுத்தினாள். "சீட்டைக் கிழிச்சு அவரே மழைக்கோட்டுப் பையில போட்டிருக்காரு. எனக்குப் போன வாரம்தான் கிடைச்சுது."

"இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். எந்த விரல்னு போடலையேன்னாரு. கைரேகை பொய் சொல்லாது, போம்மான்னுட்டாரு."

"கரெக்ட்தான்" என்றான் ஒட்டடை. "அதுக்கு வாய் இல்லையே. அதைப் பார்த்துட்டுப் பேசறவங்களுக்குத்தான் வாய்."

ஊசி பீரோவைத் திறந்து பழைய கோப்பை எடுத்தாள். இரண்டு படங்களை அருகருகே வைத்தாள். ஒன்று, பால்கனிக் கண்ணாடியில் கிடைத்த ரேகை. மற்றது, கைதுக்குப் பிறகு மெக்கானிக்கின் விரலில் மை தடவி எடுத்தது. இரண்டாவதன் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு, ஆறிக்கொண்டிருந்த வெட்டின் தடம். முதலாவதில் அந்த வெள்ளைத் தடம் இல்லை. ரேகைக் கோடுகள் பிசிறில்லாமல் சுழித்து ஓடின.

அறுபத்தோரு நாளில் எத்தனை முறை இவற்றைப் பார்த்திருப்பாள்! ஓடும்போது விரல் கிழிந்தது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரி. கண்ணாடியைத் தொட்டபோது காயம் இல்லை, பிறகு வந்தது. ஆனால் காயம் ஞாயிற்றுக்கிழமையே பட்டிருந்தால்?

தையல் போட்டுக் கட்டுப் போட்ட விரல் புதன்கிழமை கண்ணாடியில் இப்படி விழாது.

ஊசி படங்களைப் பைக்குள் வைத்தாள். "நீங்க வேலைக்குப் போங்கம்மா. சாயங்காலம் நானே வந்து பார்க்கறேன்" என்றாள்.

"லீவு போட்டுட்டுத்தான் வந்தேன். எங்க போறீங்களோ அதோட வாசல்ல இருக்கேன்."

ரேகைக் கூடம் ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. லிப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது.

"எப்படி ஓடும்?" என்றான் ஒட்டடை. "மெக்கானிக்கைத்தான் நாம உள்ள வெச்சுட்டோமே."

ஊசி படியேறினாள். மூன்றாவது மாடியில் ஒட்டடை ஏறுவதை நிறுத்தினான். பிறகு மெதுவாக, "தப்பா வந்துடுச்சு மேடம்" என்றான்.

"தப்பு இல்ல. சரியாத்தான் சொன்ன. அதான் வலிக்குது."

ரேகை அக்காவைத் தெரியாத வக்கீல் அந்த ஊரில் கிடையாது. அந்தக் கூடத்தின் நிபுணராக இருபத்துநான்கு வருட சர்வீஸ். அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கையை எந்த நீதிமன்றமும் திருப்பி அனுப்பியதில்லை. குட்டையான உருவம், கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, மேசையில் வளைகழுத்து விளக்கு.

"வா ஊசி. என்ன முகம் இப்படி இருக்கு?"

ஊசி உட்காரவில்லை. கிளினிக் சீட்டையும் இரண்டு படங்களையும் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அக்கா சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"தழும்பு பின்னாடி வந்ததுன்னுதான் எழுதியிருக்கேன்."

"அது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? ரேகை தேதி சொல்லுமா?"

அக்காவின் முகம் இறுகியது. "நான் ஒருத்தி மட்டும் பார்க்கலை. ரெண்டாவதா சரிபார்த்துக் கையெழுத்தும் வாங்கியிருக்கு."

"யாரு, பக்கத்து ரூம்காரரா? அவர் எவ்வளவு நேரம் பார்த்தார்?"

அக்கா மேசையைப் பார்த்தார். "நீங்க பார்த்துட்டீங்கல்லக்கா, அப்புறம் நான் என்ன பார்க்கறதுன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டார்."

ஒட்டடை தொண்டையைக் கனைத்தான். "என் வீட்டுக்காரி உண்டாகியிருந்தப்போ ஸ்கேன் படம் குடுத்தாங்கக்கா. எங்க அம்மா பார்த்துட்டு, அப்படியே எம் புள்ளை மூக்குன்னாங்க. மாமியார், இல்ல எம் பொண்ணு மூக்குன்னாங்க. நான் பார்த்தேன், ரெண்டு பேர் மூக்கும் தெரிஞ்சுது. கடைசியில டாக்டரம்மா சொன்னாங்க, அது மூக்கே இல்ல, முழங்கால்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அக்கா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து வந்தார். அறிக்கை எழுதுவதற்கு முன் அவர் தனக்கென்று குறித்துக்கொள்கிற நோட்டு. பக்கத்தைப் புரட்டி ஊசியின் பக்கம் தள்ளினார்.

பதினான்காம் தேதி, பென்சிலில்: 'ஏழு புள்ளிகள் ஒத்துப்போகின்றன. நடுச்சுழியில் வேறுபாடு. கண்ணாடி ரேகையில் தழும்பு இல்லை. முடிவு சொல்ல இயலாது.'

பதினாறாம் தேதி, பேனாவில்: 'பதின்மூன்று புள்ளிகள். நடுச்சுழி வேறுபாடு அழுத்தத்தால் ஏற்பட்டது. தழும்பு சம்பவத்துக்குப் பிந்தையது. பொருந்துகிறது.'

ஊசிக்கு ரத்தம் தலைக்கேறியது. "அதே ரேகை, அதே கண்ணு. ரெண்டு நாள்ல ஏழு எப்படிக்கா பதின்மூணு ஆச்சு? யாரு வந்தா? இன்ஸ்பெக்டரா? மேல இருந்து யாராவது போன் பண்ணாங்களா? சொல்லுங்க, எவனா இருந்தாலும் கோர்ட்ல இழுத்து நிறுத்தறேன்."

"யாரும் வரலை. போனும் வரலை" என்றார் அக்கா. "தபால்தான் வந்துச்சு."

அவர் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் மடித்து ஒட்டியிருந்த ஜெராக்ஸ் தாள் விரிந்தது. போலீஸ் வழக்குக் கோப்போடு சேர்த்து அனுப்பியது. ஊசி அந்த எழுத்தை ஒரு மைல் தூரத்திலிருந்தே கண்டுபிடித்திருப்பாள். 'தப்பி ஓடும்போது கம்பித் தடுப்பில் கிழிந்த விரல். ஆள் இவனே என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.' கீழே அவளுடைய கையெழுத்து.

"உன் அறிக்கை ஊசி" என்றார் அக்கா தணிந்த குரலில். "எனக்கு உறுத்திக்கிட்டிருந்த தழும்புக்கு நீ காரணம் குடுத்துட்ட. மறுபடி லென்ஸை வெச்சேன். முன்னாடி தெரியாத புள்ளியெல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. சத்தியமா தெரிஞ்சுது. நான் பொய் எழுதலை."

ஊசி நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினாறாம் தேதி மாலை ரேகை பொருந்துகிறது என்று செய்தி வந்தபோது ஒட்டடையிடம், "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்று சொன்னது ஞாபகம் வந்தது. தனக்கு அக்கா சாட்சி, அக்காவுக்குத் தான் சாட்சி. இரண்டு குடிகாரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு நேராக நடப்பதாக நினைத்த கதை. நடுவில் ஒருவன் அறுபத்தோரு நாளாகச் சிறையில் இருக்கிறான்.

"இப்ப மறுபடி பாருங்கக்கா" என்றாள், படங்களை அவர் பக்கம் தள்ளி.

அக்கா தலையை ஆட்டினார். "பிரயோஜனமில்ல. இப்ப இந்தச் சீட்டைப் பார்த்துட்டேன். இனிமே வித்தியாசம் மட்டும்தான் தெரியும். பார்த்த கண்ணை எதைப் போட்டுக் கழுவறது?"

"அப்ப, கதை கேட்காத கண்ணு ஒண்ணு வேணும்."

"இங்க இன்னொரு ரேகை நிபுணர், மௌனி இருக்கார்" என்றார் அக்கா யோசித்து. "முதுகு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கார். இந்த வழக்கே தெரியாது. கேட்கவும் மாட்டார். வாயைத் திறந்தா சேதாரம்னு நினைக்கற ஆள்."

ஊசிக்கு மூளை மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு ஜோடியைக் கொண்டுபோய் நீட்டினால், எதற்கு நீட்டுகிறார்கள் என்ற கேள்வியே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். அதனால் ஆறு உறைகள். மெக்கானிக்கின் ஜோடி ஒன்று. அக்கா 'பொருந்துகிறது' என்று முடித்த பழைய வழக்குகளிலிருந்து நான்கு. வேண்டுமென்றே சம்பந்தமில்லாத இரண்டு ரேகைகளைச் சேர்த்த ஜோடி ஒன்று. உறைமேல் எண் தவிர எதுவும் கூடாது.

"எந்தப் பழைய வழக்கு எடுக்கட்டும்?" என்று ஒட்டடை கேட்டான்.

"எதை வேணாலும் எடு தம்பி. எல்லாம் நான் பார்த்ததுதான்."

ஒட்டடை தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியில் கை போன இடத்தில் நான்கு கோப்புகளை உருவினான். எந்த எண்ணில் எது என்ற பட்டியலைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். உறைகளை அலுவலக உதவியாளர் மௌனியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"நான் பக்கத்துல நின்னு ஏதாவது உதவி..."

"வேண்டாம்" என்றாள் ஊசி. "உன் மூஞ்சியே ஒரு நோட்டீஸ் போர்டு. நாலாவது உறையைத் தொடும்போது மூச்சை இழுத்துப் பிடிச்சேன்னா போதும், அவருக்குத் தெரிஞ்சுடும். நானும் வரலை. அக்காவும் வர வேண்டாம்."

"நாலாவதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" ஒட்டடை பதறிப்போய்ச் சட்டைப் பையைப் பொத்தினான்.

"சும்மா ஒரு எண் சொன்னேன். பார்த்தியா? எனக்கே சொல்லிட்ட."

தாழ்வாரத்து மர பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாகக் கீழே கேட் தெரிந்தது. மதில் நிழலில் மெக்கானிக்கின் மனைவி நின்றிருந்தாள். நிழல் சுருங்கச் சுருங்க அவளும் மதிலோடு ஒட்டிக்கொண்டே போனாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒட்டடை போய் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

"பொருந்துதுன்னு வந்துட்டா?" என்று அக்கா திடீரென்று கேட்டார்.

"வந்தா வரட்டும்க்கா. எது வரணும்னு நான் நினைக்கறதை முதல்ல நிறுத்தணும். போன தடவை அதுதானே ஆளைச் சாய்ச்சுது."

இரண்டரை மணிக்குக் கதவு திறந்தது. மௌனி வந்தார். ஒரு துண்டுத் தாளை அக்காவிடம் நீட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அக்கா வாசித்தார். "ஒண்ணு, பொருந்துகிறது. ரெண்டு, பொருந்தவில்லை. மூணு, பொருந்துகிறது. நாலு..." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நாலு, பொருந்தவில்லை. நடுச்சுழி வேறு. அஞ்சு, பொருந்தவில்லை. ஆறு, பொருந்துகிறது."

ஒட்டடை பட்டியலை விரித்தான். "நாலு மெக்கானிக்! மேடம், நாலு மெக்கானிக்! அஞ்சு, நாம வேணும்னே கலந்து வெச்சது. சரியாப் பிடிச்சிருக்கார் மனுஷன்!"

ஊசி சந்தோஷப்படவில்லை. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒட்டடை, நாம எத்தனை 'இல்லை' எதிர்பார்த்தோம்?"

"மிஞ்சிப்போனா ரெண்டு."

"மூணு வந்திருக்கு."

ஒட்டடை பட்டியலில் இரண்டாம் எண்ணுக்கு நேராக விரலை வைத்தான். வழக்கு எண்ணை மட்டும் படித்தான்.

அக்காவுக்குக் கோப்பைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "மரக்கடைத் தீ" என்றார். "உள்ள தூங்கிட்டிருந்த தொழிலாளி செத்துப்போனான். பெட்ரோல் கேன்ல ஒரு ரேகை. ஸ்கூல் வேன் டிரைவர். அவனே முதல்ல ஒத்துக்கிட்டான்னு போலீஸ் சொல்லித்தான் கேனை என்கிட்ட குடுத்தாங்க. அப்புறம் கோர்ட்ல மறுத்தான். ரேகை இருக்கேன்னு தண்டனை குடுத்துட்டாங்க."

"எவ்வளவு நாளாச்சுக்கா?"

"ஆறு வருஷம்."

"இப்ப?"

"உள்ளதான் இருக்கான்."

அக்கா தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "மௌனி தப்பாவும் பார்த்திருக்கலாம்" என்றார். தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

"இருக்கலாம். அதையும் வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பி, கதை தெரியாத வேற ஒருத்தர் பார்க்கட்டும்" என்றாள் ஊசி. "ஆனா அனுப்பறதுக்கு யாராவது எழுதிக் குடுக்கணும். இங்க நாம மூணு பேர் வாயை மூடிக்கிட்டா இது யாருக்கும் தெரியப் போறதில்ல."

அக்கா ஊசியை நிமிர்ந்து பார்த்தார். இருபத்துநான்கு வருடம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு எழுந்து தன் அறைக்குள் போனார். ஊசி பின்தொடரவில்லை. கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. வளைகழுத்து விளக்கைப் போட்டார். அலுவலகத் தாள் ஒன்றை எடுத்தார். மேலே தன் பெயரையும் பதவியையும் எழுதினார். கீழே எழுதத் தொடங்கும்முன் பேனா நெடுநேரம் காகிதத்தின்மேல் நின்றது. பிறகு நகர்ந்தது.

ஊசியும் பெஞ்சிலேயே தன்னுடையதை எழுதினாள். 'மேற்கண்ட வழக்கில் நான் அளித்த அறிக்கையில், காயம் தப்பி ஓடும்போது ஏற்பட்டது என்பது என் ஊகம் மட்டுமே. அதை உண்மைபோல் எழுதியது என் தவறு.' நாளைக்குப் பத்திரிகையில் மறுபடி படம் வரலாம். இந்தத் தடவை வேறு தலைப்பு இருக்கும். டீச்சரின் மகளிடம், உங்கள் அம்மாவைக் கொன்றவன் இன்னும் வெளியில் நடமாடுகிறான் என்று சொல்ல வேண்டும்.

நான்கு மணிக்கு, மேலதிகாரியின் முத்திரை விழுந்த இரண்டு நகல்களோடு கீழே இறங்கினார்கள். மெக்கானிக்கின் மனைவி மதிலை விட்டு நகர்ந்து வந்தாள். ஊசி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தன் அறிக்கையால்தான் ரேகை பொருந்தியதாகத் தெரிந்தது என்பதையும் சொன்னாள். நாளைக் காலை ஜாமீன் மனு. இரண்டு மூன்று நாளில் வெளியே வந்துவிடலாம்.

அவள் அழவில்லை. நன்றியும் சொல்லவில்லை. நகலை வாங்கி, ஓரம் மடங்காமல் பையில் வைத்தாள். ஊசி அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. இரண்டாவது உறையைப் பற்றியும் சொல்லிவிட்டாள்.

"ஆறு வருஷமா?" என்றாள் அவள். அதுவரை வராத நடுக்கம் அப்போது குரலில் வந்தது. "அந்த டிரைவருக்குக் குடும்பம் இருக்கா?"

"அம்மா இருக்காங்களாம். கோப்புல முகவரி இருக்கு" என்றான் ஒட்டடை.

"அவங்ககிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"வெளியூர் முடிவு வந்ததும்" என்றாள் ஊசி. "ஒரு மாசம் ஆகலாம். இப்பவே சொல்லி, நாளைக்கு அது இல்லேன்னு ஆயிட்டா அந்த அம்மா தாங்குவாங்களா?"

"அவங்க எதைத் தாங்குவாங்க, எதைத் தாங்க மாட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்கம்மா" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "மறுபடி ஒருத்தர் பார்க்கறாங்கன்னு மட்டும் சொல்லுங்க. இந்த அறுபத்தோரு நாள்ல அந்த ஒரு வார்த்தையை யாராவது வந்து சொல்ல மாட்டாங்களான்னுதான் நான் கதவைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

ஊசி ஒட்டடையிடம் திரும்பினாள்.

"முகவரி எங்க?"

"ஆத்துப் பாலம் தாண்டி, மேடம். முக்கால் மணி நேரம்."

"வண்டியை எடு."

ஒட்டடை ஸ்கூட்டரை உதைத்தான். ஊசி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். போய் நின்று எந்த வார்த்தையில் தொடங்குவது என்று பாலம் வரும்வரை யோசித்தாள். பாலம் வந்தது. வார்த்தை வரவில்லை. "திரும்பிடலாமா மேடம்?" என்று ஒட்டடை தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"வேண்டாம். போ" என்றாள் ஊசி.